மெல்லப் பாடுகிற காரணம்

முல்லைத்தீவு

அன்பு மகள் கிருசாந்தினிக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் தம்பி றொமேசும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று இந்த முறை கேட்கமாட்டேன், கேட்டால் ஓம் அம்மா என்றுதான் சொல்லுவாய், அந்த ஓமில் எவ்வளவு உண்மை என்று எனக்கு இப்போது சந்தேகம். கடல் சரியில்லை, அப்பா இரண்டு கிழமையாகக் கிழிந்த வலை பொத்திக்கொண்டு வீட்டில் இருந்து என் உயிரை வாங்குகிறார்.

நீ பாரிஸிலிருந்து அனுப்பின புதுப் பாட்டுகளைத் தம்பி ஸ்பீக்கரில் போட்டான். என் மகள் ஜாஸ் பாடகி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், இது என்ன பிள்ளை, பிரேசில் பாட்டாம், போசா நோவாவாம், ஒருத்தனுடைய கிற்றார், பக்கத்தில் நீ முணுமுணுக்கிறாய். பெரிய வெள்ளிக்கு நீ பசாம் ஒப்பாரி பாடினால் மைக் இல்லாமலே கடற்கரை மீன்வாடி வரைக்கும் கேட்குமே, அந்தக் குரல் எங்கே? அப்பா, "உவள் ஆருக்கோ ஒளிச்சுப் பாடுறாள்" என்றார். "உந்தப் பாட்டு உப்பிடித்தான் அம்மா, மெல்லத்தான் பாடவேணும்" என்று தம்பி வக்காலத்து வாங்கினான். நான் நம்பவில்லை, தொண்டையில் வருத்தம், மறைக்கிறாய் என்று நினைத்துக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தியும் வைத்தேன். அந்தக் கிற்றார்க்காரன் மேலும் எனக்கு ஒரு கண்தான், அட்டைப் படத்தில் அவனுடைய கை மட்டும் இருக்கிறது, முகத்தைக் காணவில்லை, மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து மீன் வெட்டிக்கொண்டு தனியக் கேட்டேன். சொல் ஒன்றும் விளங்கவில்லை, தாளம் விளங்கியது. கடைசிப் பாட்டுக்கு என் கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கிவிட்டது. அது ஏணை ஆட்டுகிற தாளமடி! இழுத்து, விட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்ப இழுக்கிறது. உன்னைச் சேலையில் கட்டின ஏணையில் போட்டு, கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு மீன் வெட்டினவள் நான், எனக்குத் தெரியாதா? பக்கத்தில் பிள்ளை நித்திரை கொள்ளும்போது வருகிற குரல் அது. போனில் கமரா வேண்டாம் என்கிறாய், "பிறகு எடுக்கிறன் அம்மா" என்று அதே குசுகுசுப்பு. தம்பியைப் பிடித்து உலுக்கினேன், "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். தெரியாதவன் ஏன் ஓடுகிறான்?

கோயிலில் கலியாணம் நடக்கவில்லை என்று பயந்தாயா? எனக்குக் கோபம்தான், ஊர்க் கதைக்காக அல்ல, பெற்றவளிடம் ஒளிக்க உனக்கு எப்படி மனம் வந்தது? அப்பாவிடம் சொன்னேன், "உனக்கு விசர்" என்று எழும்பிப் போய்விட்டார். பின்னேரம் பார்த்தால் மனுசன் அண்டைக்கு உன் ஏணை கட்டின கூரை வளையில் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டிருக்கிறார். என்னப்பா என்று கேட்டால், கறையான் பிடிச்சிருக்கோ எண்டு பாக்கிறாராம்.

மாதா உன்னை ஆசீர்வதிப்பா. பச்சை உடம்போடு பனிக்குள் திரியாதே. பிள்ளை பெற்றவர்களுக்குத் திரிக்கிற சரக்குத்தூள் அனுப்புகிறேன், தேவையில்லை என்றால் திருப்பி அனுப்பு, பார்ப்போம். ஒன்றை மறவாதே. செபமாலையில் உன் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் பொறுத்துத்தான் தம்பியின் பெயரைச் சொல்கிறேன். அந்த இடத்தில் என்ன பெயர் சொல்ல வேண்டும் என்று உடனே எழுது.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா
யூலிற்றா