நான்கு ஓம்

இரண்டாம் நாள், காலை

இல்லை, பயம் இல்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் சூடு வேண்டும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் வாசுகி. நிலவின் தென்முனையில் ஒரு பள்ளத்தின் விளிம்பு, மேல் முகாம். செல்வின் அண்ணன் பள்ளத்தின் அடியில், துளையிடும் குடிலில். நேற்று இழுவைக் கோபுரம் சரிந்து பள்ளத்துக்குள் விழுந்தது. சூரியத் தகடுகளும் அதோடு போயின. அவரால் ஏற முடியாது. நான் இறங்கினால் திரும்ப முடியாது. அடுத்த முகாமிலிருந்து வண்டி வர ஒரு வாரம் ஆகும்.

மிச்சமிருப்பது குடிலில் உள்ள பேட்டரி ஒன்று. அதிலிருந்து ஒரு நீண்ட கம்பி மேலே எனக்கு வருகிறது. ஆளுக்கொரு ஹீட்டர். இரண்டும் ஒரே வகை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மீட்டரைப் படித்து ரேடியோவில் வோல்ட்டும் ஆம்பியரும் சொல்ல வேண்டும். மற்றவர் வகுத்துத் தடையையும், பெருக்கித் திறனையும் சொல்ல வேண்டும். படித்தவரே கணக்கும் போட்டால் தவறு வெளியே வராது.

என்னுடையது 24.0 வோல்ட், 6.00 ஆம்பியர். தடை 4.00 ஓம். திறன் 144 வாட். அவருடையதும் அதேதான்.

குடிலுக்குள் வேர்க்கிறதாம். வேலூர் வெயிலெல்லாம் பிச்சை வாங்க வேண்டும் என்று என் ஊரை வம்புக்கு இழுத்தார். நான் சிரித்திருக்கலாம்.

மூன்றாம் நாள், காலை

நான்: 23.4 வோல்ட், 5.91 ஆம்பியர். தடை 3.96. திறன் 138. வோல்ட் இறங்கியதில் சுருளின் சூடும் இறங்கியிருக்கிறது. சூடு இறங்கினால் தடையும் கொஞ்சம் இறங்கும்.

செல்வின்: 23.0, 5.75. தடை 4.00. திறன் 132.

பேட்டரி அவர் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு வருவது கம்பியில் கொஞ்சம் இழந்துவிட்டு வருகிறது. என்னுடைய வோல்ட்தான் குறைவாக இருக்க வேண்டும். கேட்டேன். மீட்டர் பழசு என்றார். உன் மீட்டர் உன்னை மாதிரியே படித்தது, இங்கே மீட்டரும் ஆளும் அரைகுறை என்றார்.

நான் போட்ட கணக்கைவிட பேட்டரி மெதுவாகக் குறைகிறது. நல்ல செய்தி. குறித்துக்கொண்டேன். எதுவும் தோன்றவில்லை.

நான்காம் நாள், காலை

நான்: 22.9, 5.83. தடை 3.93.

செல்வின்: 22.0, 5.50. தடை 4.00.

மூன்று நாளும் நான்கு. புள்ளிக்குப் பின்னால் இரண்டு சைபர். எந்தச் சுருளும் அப்படி நிற்காது.

அவர் மீட்டரைப் படிக்கவில்லை. ஒரு வோல்ட்டை நினைத்துக்கொள்கிறார். நான்கால் வகுக்கிறார். எனக்குச் சொல்கிறார்.

ஹீட்டரை அணைத்துவிட்டு எனக்காகப் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார். பேட்டரி மெதுவாகக் குறைவதற்கும் இதுதான் காரணம்.

10:40

என் ஹீட்டரை அணைத்தேன். அவரிடம் சொன்னேன்.

"செல்வின் அண்ணே, நாலால வகுத்தது போதும். உங்க ஹீட்டரப் போட்டு நெஜமான ரீடிங் சொல்ற வரைக்கும் நானும் போட மாட்டேன்."



12:15

சன்னலின் உட்புறம் உறைந்துவிட்டது. விரல்கள் யாருடையவையோ. எழுத்து சரிகிறது.

இரண்டு முறை கூப்பிட்டார். ஹீட்டரைப் போட்டாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

13:05

"பிள்ள, கோட்டித்தனம் பண்ணாத. நான் குடிலுக்குள்ளயே இல்ல."

மெதுவாகச் சொன்னார். கோபுரம் விழுந்தபோது அவர் வெளியே இருந்திருக்கிறார். கால்கள் அதன் அடியில். படுத்த இடத்திலிருந்து குடிலின் கதவு தெரிகிறதாம். விண்உடையில் காற்று ஒரு வாரத்துக்கு இருக்கிறது. அதன் சூட்டுக்கான சின்ன பேட்டரிதான் தீர்ந்துகொண்டிருக்கிறது.

குடிலுக்குப் போய்விட்டீர்களா என்று முதல் நாள் நான் கேட்டேன். ஆமாம் என்றார்.

"இல்லன்னு சொல்லிருந்தா நீ கயிறு இல்லாமலே எறங்கிருப்ப. ரெண்டு பேரும் இங்கன கெடக்கணுமா?"

இரண்டு ஹீட்டர் ஓடினால் வோல்ட் எவ்வளவு இறங்கும் என்று மனக்கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஓடியது ஒன்றுதான். அதனால்தான் அவருடைய எண்கள் என்னுடையதைவிட வேகமாக இறங்கின.

விண்உடையின் மணிக்கட்டில் இருக்கும் மீட்டரைப் படிக்கச் சொன்னேன். நேரம் எடுத்துக்கொண்டார்.

"பத்து புள்ளி ஏழு. ரெண்டு புள்ளி ஒண்ணு மூணு."

தடை 5.02. திறன் 22.8 வாட். ஒழுங்கற்ற எண்கள். இவை படித்தவை.

இன்றைக்கு மேல் தாங்காது என்றேன். தெரியும் என்றார். பிறகு:

"நீ அணைச்சு வச்சா எனக்கு ஒரு வாட்டு கூட வராது பிள்ள. போடு."

பெருக்கிப் பார்த்தேன். வகுத்துப் பார்த்தேன். குடிலின் பேட்டரியிலிருந்து அவர் கிடக்கும் இடத்துக்குக் கம்பி இல்லை.

13:20

ஹீட்டரைப் போட்டேன். 23.0 வோல்ட், 5.86 ஆம்பியர். கையுறைகளைக் கழற்றினேன். கைகளைச் சுருளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.