பன்னிரண்டாவது பல்பு

நவம்பர் 4, செவ்வாய்

படுக்கையறை மேசை விளக்கில் பல்பு கருகிவிட்டது. தீப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கும்.

விடியற்காலையிலிருந்து மழை. கடை ஷட்டருக்கு எண்ணெய் விடணும். பிரஷர் மாத்திரை தீர்ந்தாச்சு.

விளக்கு, மச்சினன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அடியில் டிம்மர் திருகு. திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். அதோடு வந்த குண்டு பல்பு போன மாசம் ஃபியூஸ். நம்ம கடையில் இல்லாத பல்பா என்று ஒன்பது வாட் எல்இடி ஒன்றைப் போட்டேன். கரண்ட் மிச்சம். எஸ்தர் வெளிச்சத்தை நல்லாக் குறைத்து வைத்துத்தான் படுப்பாள். குறைத்தால் பல்பு துடிக்கும். வண்டு மாதிரி இரைச்சல்.

"இது என்ன, இப்பிடி இரையுது?"

"மழைக்கு வோல்டேஜ் ஏறி எறங்குது."

கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிற அதே பதில். பெண்டாட்டிக்கும் அதுதான்.

இன்று அஞ்சரைக்குத் தட்டி எழுப்பினாள். அறை முழுக்கப் பிளாஸ்டிக் கருகின வாடை. துணி சுற்றிக் கழற்றினேன். துணிக்கு மேலேயும் சுட்டது. பல்பின் கழுத்து பழுப்பாகி, இளகி, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்து. டிம்மரோடு போடக் கூடாதாம். தெரியாததா? தெரியும். துடிக்கும், சீக்கிரம் போகும், வாங்கிப் போனவன் இன்னொன்றுக்கு வருவான், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இப்படிச் சுடும் என்று தெரியாது.

இட்லி இரண்டோடு எழுந்துவிட்டேன். முட்டம் ஞாபகம் வந்துவிட்டது.

மதியம், கடையில். மழைக்கு ஆள் இல்லை. எழுதிவிடுகிறேன். முட்டத்தில் லில்லியக்கா புது வீடு கட்டினாள். மீன் ஏலத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. மகள் ஷைனி துபாயில் பார்த்தது மாதிரி அறைக்கு அறை டிம்மர் வேணும் என்றாள். வயரிங் செய்தது சுனில். ஓணத்துக்கு முந்தி என்னிடம் பன்னிரண்டு பல்பு எடுத்தான். இதே பல்பு.

"டிம்மருக்கு ஆகுமாண்ணே?"

"ஆகும் மக்கா, தைரியமாப் போடு."

டிம்மருக்கு என்றே தனியாகப் பல்பு உண்டு. விலை கூடுதல். என் கடையில் அன்று இல்லை. இல்லை என்று சொன்னால் சுனில் எதிர்க்கடைக்குப் போவான். அதனால் ஆகும் என்றேன். ஒரு வார்த்தை.

ஷைனி இப்போது பிரசவம் கழிந்து தாய் வீட்டில். பிள்ளைக்கு நாலு மாசம். பிள்ளை இருக்கிற வீட்டில் விளக்கைக் குறைத்துத்தானே வைப்பார்கள்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டு விட்டு.

சுனிலுக்கு போன். டிம்மர் வைத்த வேறு வீடு எதற்காவது இந்தப் பல்பு போயிருக்கா என்று கேட்டேன். "நம்ம பக்கத்துல அது ஒண்ணுதாண்ணே. ஏன், என்ன காரியம்?" சும்மா என்றேன்.

பதினோரு மணிக்கு டீ குடிக்க நின்ற இரண்டு பேர் பேச்சு:

"கடப்பொறத்துல காலையில ஒரே பொக. பாத்தியா?"

"முட்டத்துலயா?"

கையில் இருந்த வயர் கட்டு கீழே விழுந்தது. யாரோ பழைய வலையைக் குவித்துக் கொளுத்தினார்களாம். அதைத் தெரிந்துகொள்கிற வரைக்கும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு எதற்குப் பயம்? பிள்ளைக்கா, என் பேருக்கா? இரண்டுக்கும்தான். சைக்கிளில் டார்ச் பல்பு விற்றுக் கருங்கல் ஊரில் கடை போட்டவன். அக்கா ஒரு நாள் ஏலத்தில் வாய் திறந்தால் கடற்கரையில் ஒரு வீடு கூட என்னிடம் சாமான் வாங்காது.

எஸ்தரிடம் சொன்னேன். "போய் உள்ளதச் சொல்லுங்க," என்றாள். மாற்றிக் கொடுத்துவிட்டால் போதாதா என்றேன். அவள் துணி எடுக்கப் போனாள்.

மத்தியானம் வடசேரி போய் வாங்கினது:
டிம்மர் பல்பு 12
பிரஷர் மாத்திரை
குடைக்குக் கம்பி (கிடைக்கவில்லை)

நவம்பர் 6, வியாழன்

காலையில் முட்டம். ஸ்கூட்டரில் நனைந்து போனேன். அக்கா ஏலத்துக்குப் போயிருந்தாள். ஷைனி கதவு திறந்தாள். ஹாலில் சேலைத் தொட்டில், உள்ளே பிள்ளை உறக்கம்.

"கம்பெனியில புது மாடல் வந்திருக்கு. பழசுக்குப் பதிலா சும்மா மாத்திக் குடுக்கச் சொல்லுதானுவ."

"நல்ல கம்பெனி," என்றாள் ஷைனி.

அறை அறையாக மாற்றினேன். இரண்டின் கழுத்து பழுப்பு. அவள் பார்க்கும் முன் பையில் போட்டேன். காப்பி தந்தாள். ஏலம் கழிந்து வந்த அக்கா வாசலில் நின்றே, "என்னவே தாசு, சும்மா தாரானாம்? ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது வாயில் பாட்டு கூட வந்தது.

சாயங்காலம் ஆறரை. பையைக் கொட்டினேன். பழசு பதினொன்று. புதுசு ஒன்று மிச்சம்.

திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான்.

சுனிலுக்கு போன். "எல்லா ரூமும் எண்ணினியளா? படத்து விளக்கு?"

"எந்தப் படம்?"

"ஹால்ல திருஇருதய ஆண்டவர் படம் இல்லியா அண்ணே. அதுக்குக் கீழ செவப்புக் கண்ணாடிக் கூடு. உள்ள நம்ம பல்புதான். டிம்மர ரொம்பக் கொறச்சு வச்சிருக்கேன். அத ராவும் பகலும் அணைக்க மாட்டாவ."

 அந்த ஹாலில் அரை மணிநேரம் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன். நாங்கள் மிஷன் சபை, படம் கும்பிடாதவர்கள். வீட்டுச் சுவரில் வசனக் காலண்டர் தவிர ஒன்றும் கிடையாது. ஆர்.சி. வீட்டுக்குப் போனால் படத்தைப் பார்க்காதே, தரையைப் பார் என்று அப்பா சின்னதிலேயே பழக்கிவிட்டார். அம்பத்தாறு வயசிலும் கண் தானாகத் தரைக்குப் போகிறது. இன்றும் போனது. தரையில் சிவப்பு வெளிச்சம் விழுந்து கிடந்ததையும் பார்த்தேன். ஏதோ சீரோ வாட் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாசத்துக்கு மேலாக அணையாமல். மூடின கூட்டுக்குள். படத்தைச் சுற்றி லேஸ் திரையும் காகிதப் பூவும் இருக்கும். நேர் கீழே தொட்டில்.

அக்காவுக்கு போன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அக்கா, படத்து விளக்க ஒண்ணு அணைச்சிருங்க. காலையில வந்து மாத்தித் தாரேன்."

"எத, திருஇருதயத்து வெளக்கையா? ஒனக்கு வெவரம் கெடையாது தாசு. புது வீடு குடியேறுன அண்ணைக்கு சாமியார் மந்திரிச்சு ஏத்துனது. கரண்டு போனா அணையும். என் கையால அணைக்க மாட்டேன்."

"இல்லக்கா, கம்பெனிக்காரன்..."

"கம்பெனிக்காரன் எனக்கு செபம் சொல்லித் தருவானா?"

போனுக்குள் தொட்டில் கயிறு கிரீச் கிரீச் என்று கேட்டது. ஷைனி ராகம் இழுக்கிறாள். சொல்லாமல் முடியாது என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, கம்பெனிக்காரன் எவனும் ஒண்ணும் சொல்லல்ல. நான்தான் பொய் சொன்னேன். அந்தப் பல்பு டிம்மருக்கு ஆகாதது. தெரிஞ்சேதான் குடுத்தேன். எங்க வீட்டுல ஒண்ணு கருகிப் போச்சு. மொதல்ல பிள்ளையத் தூக்குங்க."

 "ஏட்டி ஷைனி, பிள்ளைய எடு." போன் கட்.

இருபத்திரண்டு நிமிஷம். எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் போன் செய்தால் எடுக்கவில்லை. செபம் பண்ணப் பார்த்தேன், முதல் வரியே திரும்பத் திரும்ப வந்தது.

அக்காதான் கூப்பிட்டாள். "மெழுகுதிரி ஏத்தி வச்சிட்டு அணைச்சாச்சு. காலையில வா. வந்து கண்ணால பாரு."

மிச்சமிருந்த புதுப் பல்பைப் பையில் எடுத்து வைத்தேன். 

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. நல்ல வெயில்.

ஏழரைக்கே போய்விட்டேன். தொட்டிலை உள்ளறைக்கு மாற்றியிருந்தார்கள். படத்தின் முன்னால் மெழுகுதிரி. அக்கா ஒரு ஸ்டூலைக் காட்டினாள். ஏறினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் படத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

கூட்டின் மேல்பக்கம் கறுப்பு. பல்பு கழற்றும்போதே கழுத்து கையோடு வந்துவிட்டது. கூட்டுக்கு மேலே தொங்கின லேஸில் பெருவிரல் நகம் அளவுக்குப் பழுப்பு. தொட்டேன். பொடியாக உதிர்ந்தது. காகிதப் பூ அதற்கு நாலு விரல் தள்ளி.

இறங்கி உட்கார்ந்துவிட்டேன். ஷைனி தண்ணீர் தந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பயந்துட்டியா?"

"ஆமாக்கா."

"நான் ராத்திரி முழுக்க அந்த லேசத்தான் பாத்துட்டு இருந்தேன். தெரிஞ்சே குடுத்தேன்னு சொன்னியே, அத ஒன் வாயாலயே சொன்னதுனால இந்த ஸ்டூல்ல ஒன்ன ஏத்தினேன். இல்லேன்னா வாசப்படி ஏத்தியிருக்க மாட்டேன்."

எவ்வளவு வேணும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஏலத்தில் நிற்கிற மாதிரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"புதுப் பல்பு பதினொண்ணு போட்டாச்சு," என்றேன்.

"அது பொய் சொல்லிப் போட்டது. கணக்குல வராது."

"பாதிப் பணம் தாரேங்கா."

"பாதிப் பிள்ளையா கெடந்துது தொட்டில்ல?"

 கருகின பல்பை ஒரு தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

"இத ஒன் கடையில கல்லாவுக்கு மேல தொங்க விடு. என்னதுன்னு கேக்கவனுக்கெல்லாம் சொல்லணும். என் பேரச் சொல்லாண்டாம். ஒன் பேரச் சொல்லு."

"சரிக்கா."

"இன்னொண்ணு. படத்தப் பாக்காத ஆளுதான நீ? இனி மாசா மாசம் பாரு."

ஷைனி சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

பேசி முடித்தது இவ்வளவு: பன்னிரண்டு பல்புக்கும் வாங்கின பணம் முழுசும் திரும்ப. புதுப் பல்பு பன்னிரண்டும் என் செலவு. படத்து விளக்குக்கு டிம்மர் இல்லாத நேர் கனெக்ஷன், சுனில் கூலி நான். கருகினது கல்லாவுக்கு மேல். அந்தப் பிள்ளை எழுந்து நடக்கிற வரைக்கும் ஒவ்வொரு மாசமும், திருஇருதயத்துக்கு உரிய முதல் வெள்ளிக்கிழமையில், நான் நேரில் வந்து, ஸ்டூல் ஏறி, விளக்கைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகணும்.