ஏழுமலை சொல்லும் முடிவு

ஞாயிறு, இரவு

நானே அச்சிட்ட நாவலில் ஒரு பிரதியை, மயிலாப்பூர் குளத்தருகே ஆட்டோ ஓட்டும் ஏழுமலையின் வண்டியில் போன மாதம் வைத்தேன், சவாரி வருபவர்கள் புரட்டட்டும் என்று. இன்று ஒரு பெண் போன் செய்தார். "கடைசியில கதாநாயகி வீட்டுக்குத் திரும்பிடுறாளாமே, ஆட்டோக்காரர் சொன்னாரு. அந்த புக் வேணும்."

என் நாவலில் அவள் திரும்புவதே இல்லை!

நேரே ஸ்டாண்டுக்குப் போய் ஏழுமலையைக் கேட்டேன்.

"பாதி படிச்சிட்டு எறங்குறவங்க முடிவு இன்னான்னு கேக்குறாங்க சார். நீ எழுதுனத சொன்னா மூஞ்சி தொங்கிப்போவுது. அதான் அவ திரும்பிட்டான்னு சொல்லிக்கினு கீறேன்."

கோபம்தான் வந்தது. ஆனாலும் என் முடிவை மாற்ற மாட்டேன், அவர் வாயையும் அடைக்க மாட்டேன். நாளை பக்கத்து வண்டிக்கும் ஒரு பிரதி. வாங்கியவர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். திட்டுவதற்காவது கடைசிப் பக்கம் வரை படித்தாக வேண்டுமே.