இருபத்து மூன்றாவது வரி

அக்கா,

உன் அலுவலகத்திலிருந்து இரண்டு பெட்டிகள் போன வாரம் சுங்கைப் பட்டாணியில் நம் பாக்கார் ஆராங் வீட்டுக்கு வந்தன. நீ இறந்துபோய் ஒரு வருடம் கழித்து அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டுநாடாவைக் கத்தியால் கீறித் திறந்ததும் முதலில் வந்தது கைக்குத் தேய்க்கும் கிருமிநாசினியின் வாடை. அதற்கடியில் ஒரு ஜோடி ரப்பர் காலணி, கைப்பிடி உடைந்த கோப்பை, உன் மஞ்சள் தடுப்பூசிப் புத்தகம், கறுப்பு அட்டை போட்ட பதினொரு குறிப்பேடுகள்.

குறிப்பேடுகளை நீ தமிழில் எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். பெட்டியை எங்காவது தவறவிட்டாலும் நோயாளிகளின் சங்கதி வெளியே போகாது என்று ஒரு முறை சொல்லியிருந்தாய். உன் வேலையைப் பற்றி நீ எங்களிடம் சொன்னது மொத்தமே அவ்வளவுதான். ஒரு நாட்டில் தொற்றுநோய் பரவத் தொடங்கினால் நீ அங்கே போவாய்; யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்று தேடுவாய்; அந்தச் சங்கிலியை ஓர் இடத்தில் அறுப்பாய். இதை அம்மாவுக்கு விளக்க முயன்ற நாள் நினைவிருக்கிறது.

"ஊசி போடுவியா, மாட்டியா?"

"நான் போட மாட்டேம்மா. போடச் சொல்லுவேன்."

"அப்ப என்னா டாக்டர் லா நீ?"

நீ சிரித்தாய். உன் கீழ் நாற்பது மருத்துவர்கள் வேலை பார்க்கிறார்கள் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

பதினொன்றில் எட்டாவது குறிப்பேட்டைத்தான் முதலில் எடுத்தேன். அதன் முதல் பக்கத்தில் 'லூனாஸ்' என்று நம் பக்கத்து ஊரின் பெயர் எழுதியிருந்தது. மற்ற பத்திலும் நான் பார்க்காத நாடுகளின் பெயர்கள்.

என் கல்யாணத்துக்காக நீ மூன்று வாரம் விடுப்பில் வந்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை பந்தக்கால் நட்டோம். அடுத்த ஞாயிறு முகூர்த்தம். பந்தக்கால் நட்ட பிறகு கல்யாணம் முடியும்வரை வீட்டார் யாரும் சாவு வீட்டுக்குப் போவதில்லை. இதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை லூனாஸ் மாமா நெஞ்சு வலியில் இறந்துபோனார். அப்பாவின் ரப்பர் தோட்டத்து நண்பர். செய்தி வந்ததும் அப்பா கார் சாவியை எடுத்தார். வாழை இலைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார்.

சாயங்காலம் அவர் வந்தபோது தலை ஈரமாக இருந்தது. மிச்சமிருந்த அழைப்பிதழ்களை எடுக்கக் கார் பின்கதவைத் திறந்தேன். பிளாஸ்டிக் பைக்குள் நனைந்த வேட்டியும் சட்டையும் சுருட்டிக் கிடந்தன. அழைப்பிதழ்களை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன்.

வியாழக்கிழமை மாமாவின் பேத்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்கு வயது. காய்ச்சல், தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். தொண்டை அடைப்பான். அப்பா அம்மா வேலைக்காக ஊர் ஊராக மாறியதில் அவளுக்குப் போட வேண்டிய தடுப்பூசிகள் பாதியில் நின்றிருந்தன. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருடைய விவரமும் வேண்டும் என்று சுகாதார அலுவலகம் கேட்டது. மாமாவின் மகன் உன்னைத்தான் முதலில் கூப்பிட்டார். துக்கம் கேட்கப் போகவில்லை, வாசலோடு திரும்பிவிடுவோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை நான் காரோட்ட, இருவரும் போனோம்.

அவர் ஒரு தாளை நீட்டினார். இருபத்திரண்டு பெயர்கள். நீ படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாய். பிறகு வாசலில் அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய்.

"யார் யாரு வந்தாங்கன்னு கேக்கல அத்தை. காலையிலேர்ந்து பாப்பா என்னா பண்ணிச்சு? அத மட்டும் சொல்லுங்க."

"அது என்னா பண்ணும். அழுதுச்சு. அப்புறம் பிஸ்கோத்து தின்னுச்சு."

"யாரு குடுத்தா?"

"அது கையிலயே வச்சிக்கிட்டு சுத்துச்சு லா."

"அழுத புள்ளைய யாராச்சும் தூக்கியிருப்பாங்கல்ல? நீங்க உள்ள மாமாகிட்ட இருந்தீங்க. இவன் ஐஸ் வாங்கப் போயிட்டான். அவங்கம்மா அடுப்படியில. அப்ப பாப்பா யாரு மடியில இருந்துச்சு?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் வேலிக்கு அப்பாலிருந்த செம்பனை மரங்களைப் பார்த்தேன். மாமாவின் மகன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "கல்யாண வீடுக்கா. எப்படி எழுதறது? ஒங்க வீட்டுக்குக் கெட்ட பேரு ஆயிடும்னுதான்..."

அப்பாவின் பெயரை மரியாதைக்காக விட்டிருந்தார்கள். அவர்கள் இடத்தில் நாமாக இருந்தாலும் விட்டிருப்போம்.

திரும்பும் வழியில் முதல் சிக்னலில் நீ கேட்டாய். "ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"சொல்லியிருக்கலாம்."

"கல்யாணம் எனக்குக்கா."

விளக்கு பச்சைக்கு மாறியது. "மாப்பிள்ளையோட அக்கா புள்ளைக்கு எத்தன மாசம்?"

"ஒன்னர."

அதற்குப் பிறகு சுங்கைப் பட்டாணி வரும்வரை நீ ஜன்னல் பக்கம் திரும்பி விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாய். தடுப்பூசி தொடங்காத அந்தக் குழந்தையை மணவறைப் பக்கத்தில் யார் யார் தூக்குவார்கள் என்று நீ எண்ணிக்கொண்டிருந்தாய் என இன்று நினைக்கிறேன். அன்று நான் நினைத்தது என் கல்யாணத்தைப் பற்றி மட்டும்தான்.

வீட்டில் அப்பா மறுக்கவில்லை.

"எங்கூட பால்மரம் வெட்டுனவன் லா. ஒரே சைக்கிள்ல ரெண்டு பேரும் போவோம். பந்தக்கால் நட்டாச்சுன்னு அவன் மொகத்தப் பாக்காம விட்டுற முடியுமா?"

அம்மா வெங்காயக் கூடையை நகர்த்தி வைத்தாள். "போனதுகூட பரவால்ல. வாழை இல பாக்கப் போறேன்னு சொன்னீங்களே. அந்த எல எங்க?"

உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். பிறகு நீ அவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கையுறை மாட்டி, பஞ்சுக் குச்சியைத் தொண்டைக்குள் விட்டுத் தடவி எடுத்தாய். மாத்திரை கொடுத்தாய். முடிவு வர நான்கு நாளாகும், அதுவரை மாடி அறையை விட்டு வரக்கூடாது என்றாய். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தள்ளி வைக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, வேண்டாம் என்று சொன்னவர் அப்பாதான்.

வெளியில் 'தொண்டைப் புண், டாக்டர் மகள் வெளியே விடமாட்டேன் என்கிறாள்' என்று சொல்வதாக நான்கு பேரும் முடிவு செய்தோம்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அப்பா கைப்பேசித் திரையில் இருந்தார். படம் பாதி நேரம் தலைகீழாக வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மனுசன் மணவறைக்கு வராததே நல்லது லா."

எங்கள் நால்வரையும் லூனாஸ்காரர்களையும் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் அது. லூனாஸ்காரர்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள், மறைக்கத்தானே பார்த்தார்கள். அம்மா சொல்லமாட்டாள். நான் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் எழுதுவது உன் தொழில். பட்டியல் சுகாதார அலுவலகத்துக்குப் போகும், அது சின்ன ஊர். மாப்பிள்ளை வீட்டுக்கு அங்கே யாரையாவது தெரிந்திருக்கும். இலையை மூடுவதற்குள் நான் தீர்ப்பு எழுதி முடித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. அப்பாவுக்குக் கிருமி இல்லை. மணவறைக்கு வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. "இல்லன்னு இன்னிக்குத்தானே தெரியுது," என்று மட்டும் சொன்னாய். அந்தப் பெண் குழந்தை ஒரு மாதத்தில் தேறிவிட்டாள்.

அதன் பிறகு மூன்று வருடம். நீ விமான நிலையங்களிலிருந்து கூப்பிட்டாய். நான் பெரும்பாலும் எடுக்கவில்லை. 'சாப்டியா' என்று செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். என் மொழிபெயர்ப்பு வேலை வீட்டிலிருந்து செய்வது. நேரமில்லை என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட முடியாது. ஒரு முறை நீ நேராகவே கேட்டாய்: "எம்மேல கோவமா?" "இல்லக்கா, வேல," என்றேன். "சரி, ஒடம்ப பாத்துக்க," என்று வைத்தாய். அடுத்த கேள்வியை நீ கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஊரெல்லாம் கேள்வி கேட்டவள் என்னிடம் கேட்கவில்லை.

உன்னை எந்த நோயும் தொற்றவில்லை. மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. பதினொரு நாள் கழித்து உன் உடலை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று நான் அழவில்லை என்பதைச் சிலர் கவனித்தார்கள். வாசலில் தண்ணீர் போத்தல்கள் வைத்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வந்தவர் பெயர், நேரம், தொலைபேசி எண். ஏன் எழுதினேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. உனக்காகச் செய்ய வேறு வேலை தெரியவில்லை. பிறகு நன்றி சொல்வதற்கு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நான்கு மணிக்கு மேல் பின்சந்து வழியாகக் குருண் ஊரிலிருந்து சின்னம்மா வந்தாள். அவள் மகனுக்கு ஒன்பது நாளில் கல்யாணம். பந்தக்கால் நட்டாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். உன் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். வெளியே போகும்போது என் தோளைத் தொட்டாள்.

"என் பேர எழுதாதம்மா. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

"சரி சின்னம்மா. நம்பர மட்டும் சொல்லுங்க."

"அது எதுக்கு?"

"சும்மாதான். யாரு பக்கத்துல ஒக்காந்தீங்க?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் சொன்னாள். விடை சொல்லிக்கொள்ளாமல், சாவு வீட்டிலிருந்து போகவேண்டிய முறைப்படியே போனாள். நான் எழுதினேன்: '4.10. வெள்ளைக் கார். ஒருவர். பாட்டிமார் பக்கத்தில் உட்கார்ந்தார்.' எண்ணையும் எழுதினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். உன்னைப் போல நடந்துகொள்ளக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, கொஞ்சம் கர்வத்தோடுதான், அதை விட்டேன்.

போன வாரம் உன் எட்டாவது குறிப்பேட்டைப் புரட்டினேன். மாமாவின் மகன் கொடுத்த இருபத்திரண்டு பெயர்களையும் உன் சின்ன எழுத்தில் வரிசையாகப் படியெடுத்திருந்தாய். அதற்குக் கீழே:

'23. பெயர் எழுத வேண்டாம். ஆண், 64. குழந்தையை மடியில் வைத்திருந்தவர். தொண்டை மாதிரி எடுத்தாயிற்று. மருந்து தொடங்கியாயிற்று. அதிகாரியிடம் நேரில் சொல்லியாயிற்று, அவரும் வெளியே சொல்லமாட்டார். என் பொறுப்பு.'

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வரியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"அப்ப மாப்பிள்ள வீட்டுக்கு யாருப்பா சொன்னா?"

"நாந்தான். சம்பந்தி போன் பண்ணி ஒடம்பு எப்படின்னு கேட்டாரு. பொண்ண குடுக்கற எடத்துல பொய் சொல்ல வாய் வரல. அக்கா வேணாம்னுதான் சொன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்தினார். "நீ கேக்கவே இல்லியேம்மா."

கேட்கவில்லை. யார் என்று மட்டும் யோசித்து, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். என்ன நடந்தது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

உன் காலணியையும் கோப்பையையும் அம்மா எடுத்து வைத்துவிட்டாள். எட்டாவது குறிப்பேட்டை மட்டும் என் மேசையில் வைத்திருக்கிறேன், உன் சாவு வீட்டு நோட்டுக்குப் பக்கத்தில். சின்னம்மா மகன் கல்யாணம் நல்லபடி நடந்தது. அந்த நோட்டு யாருக்கும் எதற்கும் தேவைப்படவில்லை. இரண்டையும் ஒரு முறை திறந்து அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு வரியில் பெயர் இல்லை. உன்னிலிருந்து விலகி நான் செய்ததாக நினைத்த ஒரே காரியம் உன் கையெழுத்தில் ஏற்கெனவே இருந்தது.