பனிமலை ஊரில் ஒரு குளியல்தொட்டி வியாபாரி

26 நவம்பர் 2012, திங்கள்

பனிச்சறுக்கு பூட்ஸ் வாடகைக்கு விடும் கடையில் இன்று முதல் பாடம்: யாரும் தங்கள் கால் அளவை உண்மையாகச் சொல்வதில்லை. பெண்கள் ஒன்றைக் குறைப்பார்கள், ஆண்கள் ஒன்றைக் கூட்டுவார்கள். சொன்னது காரூஃபல்யா அக்கா. கடையும் அவளுடையது, அதற்கு மேலே நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறைகளும் அவளுடையவை. இன்னும் பனி விழவில்லை, வாடிக்கையாளர் யாரும் இல்லை. அதனால் அக்காவின் காலுக்கே பூட்ஸை மாட்டி மாட்டிக் கழற்றிப் பழகினேன்.

"ஏதென்ஸ்ல என்ன வேலை பாத்தே?"

"விமான டிக்கெட் போட்டுக் குடுக்குற ஆபீஸ். பதினேழு வருஷம். மூடிட்டாங்க."

"எல்லாரையும் ஊரை விட்டு அனுப்பி வெச்சே, கடைசியில நீயும் கெளம்பிட்டே!"

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

திமோஸ் சிரிப்பதில்லை. என் கணவன் இருபத்திரண்டு வருடம் குளியல்தொட்டியும் குழாயும் விற்ற கடையின் மேலாளர். நாட்டில் வீடே கட்டாதபோது தொட்டி யாருக்கு வேண்டும்? இங்கே, சறுக்க வருபவர்களைக் கம்பியில் தொங்கியபடி மலை உச்சிக்குக் கொண்டுபோகும் லிஃப்டில், நாற்காலியைப் பிடித்து ஆட்களை ஏற்றிவிடும் வேலை கிடைத்திருக்கிறது. "ஒரு குளிர்காலம்தான், அசிமினா. அதுக்கு மேல ஒருநாள்கூட இல்ல." தலையாட்டினேன்.

9 டிசம்பர்

பனி இல்லை.

16 டிசம்பர்

இல்லை. காபிக்கடையில் யாரும் டிவி பார்ப்பதில்லை, ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறார்கள். லிஃப்ட் மேஸ்திரி பனூசிஸ் திமோஸிடம் சொல்லிவிட்டாராம்: "ஜனவரி ஆறாம் தேதித் திருநாளுக்குள்ள விழலேன்னா புது ஆளுங்கள வெச்சுக்க முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

திமோஸ் இதை ஏறக்குறைய நல்ல சேதிபோல வந்து சொன்னான். "வந்த வழியே போயிடலாம்." எங்கே போவதாம்? பூட்டிக் கிடக்கும் கடைக்கா? அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

1 ஜனவரி 2013

அக்கா புத்தாண்டுக் கேக் வெட்டினாள். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது வீட்டுக்கு, அடுத்தது கடைக்கு, பிறகுதான் எங்களுக்கு. உள்ளே ஒளித்துவைத்த காசு திமோஸின் கடைவாயில் அகப்பட்டது. அலறினான்.

"பல்லு போனா போகட்டும், அதிர்ஷ்டம் வந்துச்சுல்ல!" என்றாள் அக்கா.

4 ஜனவரி

பனி! பனி! பனி!

காலையில் அக்கா இரவு உடையோடு தெருவில் நின்று வாணலியைத் தட்டினாள். பனூசிஸ் பாதிரியாரையே கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டார். திமோஸ் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "போச்சு, வேலைக்குப் போகணும்" என்றான். அதற்கு முன்பே கையுறையை மாட்டியிருந்தான், பார்த்தேன்.

19 ஜனவரி

என் கையெல்லாம் காலுறை நாற்றம். முதுகு முறிகிறது. மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

இருக்கலாமா? ஏதென்ஸில் தங்கைக்குப் பாதிச் சம்பளம். அவள் போன் செய்தால் துக்க வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். இன்று அவளே கேட்டாள், "அக்கா, உடம்பு சரியில்லையா?"

9 பிப்ரவரி, சனி

இதை எழுதாமல் தூக்கம் வராது.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திமோஸ் இத்தனை நாளும் மூக்குவரை கம்பளித்துண்டு சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் லிஃப்டில் நின்றான். பனூசிஸ் அவனை "பேங்க் கொள்ளைக்காரரே" என்றுதான் கூப்பிடுவார். இன்று ஏதென்ஸிலிருந்து வந்த ஒரு பருத்த அம்மாள் நாற்காலியில் சரியாக உட்காராமல் வழுக்கினாள். திமோஸ் பாய்ந்து பிடித்தான். இருவரும் பனியில் உருண்டார்கள். எழுந்தபோது துண்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

"திமோஸ் சார்! நீங்கதானே எனக்குத் தொட்டி வித்தீங்க?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்ததாம் அவனுக்கு.

"பதினோரு வருஷமாச்சு சார். இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல!"

வரிசையே கைதட்டியிருக்கிறது. இனி ஊருக்கு அவன் பெயர் தொட்டிக்காரர். சூப் குடித்தபடி இதைச் சொல்ல ஆரம்பித்தவன், 'ஒரு சொட்டு' என்ற இடத்தில் சிரித்துப் புரையேறிவிட்டான். ஒரு வருடம் ஆகியிருக்கும், அவன் இப்படிச் சிரித்து.

10 பிப்ரவரி

துண்டு சுற்றாமல் வேலைக்குப் போனான். மூக்கு வெந்து தக்காளியாகத் திரும்பி வந்தான்.

18 மார்ச், நோன்புத் திங்கள்

நோன்பு தொடங்கும் நாள் வழக்கப்படி ஊரே பட்டம் விட்டது. திமோஸின் பட்டம் லிஃப்ட் கம்பியில் சிக்கி, பனூசிஸ் அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பழைய முதலாளி. சின்னதாக ஒரு கடை திறக்கிறாராம், மறுபடி இவன்தான் மேலாளராம். வியாழக்கிழமை வந்து பார்க்கச் சொல்கிறார்.

"நீ என்ன சொல்றே?" என்றான்.

"நல்லதுதானே."

ஏன்டி அசிமினா, வாயில என்ன கொழுக்கட்டையா? போகாதேன்னு சொல்லத் தெரியாதா? ஆனா எப்படிச் சொல்றது? இருபத்திரண்டு வருஷம் ஆளா இருந்த எடம். அதை நான் தடுக்கவா—

21 மார்ச், வியாழன்

காலை பஸ்ஸில் போனான். கோட்டு சூட்டில் ஒல்லியாகத் தெரிந்தான். நான் ஒருவருக்கு இரண்டும் இடதுகால் பூட்ஸாகக் கொடுத்தேன்.

அக்கா கடிந்துகொண்டாள். "என்னடி ஆச்சு ஒனக்கு?"

"திரும்பிப் போகப் புடிக்கல அக்கா."

"அதை அவன்கிட்ட சொல்லு. பூட்ஸ்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?"

மதியம் போன் செய்தேன். "திமோ, எனக்கு இந்த ஊரு புடிச்சிருக்கு. நீ போகணும்னா நானும் வரேன், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டேன். ஆனா புடிச்சிருக்கு. அதைச் சொல்லிடணும்னுதான்."

தெருவின் இரைச்சலுக்கு நடுவே, "அங்க காத்து எப்படி இருக்கு? பலமா அடிச்சா பனூசிஸ் லிஃப்ட நிறுத்தணும், மறந்துடுவாரு" என்றான். வைத்துவிட்டான்.

இதற்கு என்ன அர்த்தம்?

22 மார்ச், வெள்ளி

நேற்று மாலை பஸ்ஸிலேயே வந்துவிட்டான். கடையைச் சுற்றிப் பார்த்தானாம். "நல்ல தொட்டிங்கதான்" என்றான், அவ்வளவுதான். சாப்பிட்டதும் தூங்கிவிட்டான்.

காலையில் துளை போடும் மெஷின் சத்தம் கேட்டு எழுந்தேன். வாசலில் திமோஸ், வேலை உடுப்போடு. நாங்கள் பூட்டிவிட்டு வந்த ஏதென்ஸ் வீட்டுக் கதவிலிருந்து எங்கள் பித்தளைப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறான். இரண்டு பெயரும் அதில் இருக்கின்றன. கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா படியேறி ஓடி வந்தாள். "யாரைக் கேட்டுய்யா என் கதவுல ஓட்டை போட்டே?" பிறகு கண்ணைச் சுருக்கிப் படித்தாள். மேலங்கியின் கை நுனியால் பித்தளையை ஒருமுறை துடைத்தாள்.

"கோணலா இருக்கு" என்றாள்.

"லிஃப்டுக்கு நேரமாச்சு. சாயங்காலம் வந்து நேராக்கிடறேன்."

"மெதுவாப் பண்ணுப்பா. இங்கதானே இருக்கப்போறீங்க."