உமது படையலில் ஒரு சீப்புக் கதலி

நீர் போய் இன்றோடு ஒரு வருடம். காலையில் உமக்குப் படைக்க மகன் தலைவாழை இலை விரித்தான். "வாழைப்பழம் இல்லாமல் எப்பிடியப்பா படைக்கிறது?" என்று கேட்டான். "அம்மாவுக்கும் அது பிடிக்காது, விடு" என்றேன். இலையின் ஒரு மூலை வெறுமையாகக் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். தடுமாறாமல் இருக்க, சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. வாழைப்பழத்தின் மேல் எனக்குள்ள பயம் பொய்யல்ல.
2. அதைப் பார்த்து நீர் ஒருநாளும் சிரிக்கவில்லை.
3. அதனால் உமக்கு இழப்பொன்றும் இல்லை. உமக்கும் வாழைப்பழம் பிடிக்காது.

ஏன் இந்தப் பயம் என்று எனக்கே தெரியாது. தோல் உரியும் சத்தம் கேட்டாலே கை வேர்த்து மூச்சு அடைக்கும். நான் வேலை செய்த கச்சேரி அலுவலகத்தில் யாரோ என் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஒரு பழத்தை வைத்தார்கள். நான் வெளியே ஓடிப்போய், தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தேன். "ஐயாவைப் பழம் கடிச்சுப்போட்டுதாம்" என்றார் ஒருவர். "வாழை இலையில சாப்பிடுறார், பழத்துக்கு மட்டும் பயமோ?" என்றார் மற்றவர். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். வவுனியாவில் காட்டிய டொக்டரும், "பாம்புக்குப் பயம் எண்டாலும் பரவாயில்லை" என்று சிரித்துத்தான் அனுப்பினார்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் பழம் உரித்தார். நீர் என் முகத்தைப் பார்த்தீர். உடனே எழுந்து, "தம்பி, எனக்குத் தலை சுத்துது, இறக்கிவிடுங்கோ" என்று கொண்டக்டரிடம் சொன்னீர். கனகராயன்குளத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றோம். "இஞ்சாருங்கோ, சோடா குடிப்பமே?" என்று மட்டும் கேட்டீர்.

இவ்வளவும் எழுதியபோது பக்கத்து வளவு செல்லம்மா வந்தார். கையில் துணியால் மூடிய தட்டு. மூடியிருந்தும் வாசம் வந்தது. நான் சுவரோடு ஒதுங்கினேன்.

"ஐயா கோவிச்சுக்காதீங்க. அம்மாவுக்கு கதலின்னா உசிரு. இன்னைக்காவது வைக்கணும்."

"அவாவுக்கு அது பிடிக்காதே."

"யாரு சொன்னா? நம்ம கொல்லையில குல பழுத்தா மொதச் சீப்பு அம்மாவுக்குத்தான். எங்க குசினி வாசல்ல, அடுப்புப் பக்கமா ஒக்காந்து சாப்பிடுவாங்க. சவுக்காரம் போட்டுக் கை கழுவி, ரெண்டு தரம் வாயக் கொப்புளிச்சிட்டு, 'இப்ப மணக்குதோ பாரும்'னு என்கிட்ட ஊதிக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க."

உமது ஈரக் கையும் ஈர வாயும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. வெயிலுக்கு முகம் கழுவி வருகிறீர் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

கதலியை மகன் இலையின் மூலையில் வைத்தான். ஒரு பூவுடன் நான் வாசற்படி வரை போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை. பூவை அவனிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், ஒன்றும் தின்னாத வாயைக் கொப்பளித்தேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை.