ஸ்வெட்டரில் தங்கிய சந்தனம்

இன்று உன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது உன் நீல ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டைதான். அது கண்ணீரில் ஈரமாக இருந்தது. உன் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

நீ காய்ச்சலில் இறந்துபோனதிலிருந்து அதை அவர் துவைக்கவில்லை. நான் வேலை செய்யும் அத்தர் கடைக்கு வரும்போதெல்லாம் கழுத்தில் ஒரு சொட்டுச் சந்தன எண்ணெய் தேய்த்துக்கொள்வாயே, அந்த மணமும் உன் தலைமுடியின் மணமும் அதில் கலந்திருக்கின்றன.

"காலையிலேர்ந்து மோந்து பார்க்கிறேன் கண்ணு, ஒண்ணுமே வரல. இதுவும் போயிடுச்சு," என்றார். "உங்க கடையிலேர்ந்து கொஞ்சம் எண்ணெய் கொண்டாந்து தடவித் தர்றியா?"

எனக்கு வாசலிலேயே மணம் வந்திருந்தது. புது எண்ணெயைத் தடவினால் கடை மணம்தான் மிஞ்சும். நீ அதில் இருக்கமாட்டாய். ஆனால் பெரியவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது, உனக்குத்தான் தெரியுமே.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன், நீ பி.யூ.சி.யில் சயின்ஸ் எடுத்தாய். பிரேசர் டவுன் கடையில் நான் குப்பிகளை நிரப்புவேன், நீ ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டுவாய். ரோஜா மட்டும் ஏன் சாயங்காலத்துக்குள் போய்விடுகிறது என்று ஒருநாள் கேட்டேன். "ரோஜாவோட மூலக்கூறு சின்னதுடி, சட்டுனு பறந்துடும். சந்தனத்துல இருக்கிற சாண்டலால் மூலக்கூறு குண்டு. கிளம்பவே நேரமாகும், உங்க அத்தை மாதிரி," என்றாய். அத்தை தெருவில் வருகிறாளா என்று நான் எட்டிப் பார்த்தேன்.

இன்னொரு நாள், புதிதாக வந்த சந்தன எண்ணெயில் எனக்கு மணமே தெரியவில்லை. கலப்படமோ, முதலாளி என்னைத்தான் கேட்பாரோ என்று நடுங்கினேன். நீ மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய். "எண்ணெய் நல்லாத்தான் இருக்கு. நாள்பூரா ஒரே வாசனைல உட்கார்ந்திருந்தா மூக்கு அதைச் சொல்றதை நிறுத்திடும். ஸ்வல்ப வெளியே வா, கொஞ்ச நேரம்." டீக்கடை வரை நடந்துவிட்டுத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் சந்தனம் முகத்தில் வந்து மோதியது. அதற்குப் பிறகு, ஒன்று தெரியவில்லை என்பதால் அது போய்விட்டது என்று நான் உடனே நம்புவதில்லை.

உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் வேணாம் ஆன்ட்டி," என்றேன். "அது போகல. உங்க மூக்குதான் களைச்சிருக்கு. அவதான் எனக்குச் சொன்னா."

ஸ்வெட்டரை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினேன். பிறகு அவருடைய செருப்பை எடுத்து வாசலில் போட்டேன்.